நீடுநோயும் ஊனமும்: சொல்லெல்லைகளும் மொழிபெயர்ப்பும்

இந்திய நாடாளுமன்றம் 1995இல் இயற்றிய ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகை ஊனங்களை வரையறுத்தது. பார்வையின்மை, குறைபார்வை, செவித்திறன் குறை, இயக்கக் குறை, மனவளர்ச்சிக் குறை, மனநோய் ஆகிய ஆறும் நிலைகளின் பெயர்கள். எஞ்சிய ஒன்று, முடிந்துபோன ஒரு நிகழ்ச்சியின் பெயர்: தொழுநோயிலிருந்து குணமானமை. இவ்வகைப்பாட்டின் உட்பொருள் நோக்கத்தக்கது. தொழுநோய் உள்ளவரை ஒருவர் நோயாளி, மருத்துவத்தின் பொறுப்பு. நோய் நீங்கி, கையிலும் காலிலும் உணர்ச்சியின்மையோ உருக்குலைவோ எஞ்சிய பின்னரே அவர் ஊனமுற்றவர், நலத்துறையின் பொறுப்பு. நோய் முடியும் இடத்தில் ஊனம் தொடங்குகிறது என்பதே அச்சட்டத்தின் கால இலக்கணம். மனநோய் ஒன்றே இவ்விதிக்கு விலக்காக நின்றது. மனவளர்ச்சிக் குறை நீங்கலான மனக்கோளாறு எதுவும் மனநோய் என ஒரே வரியில் அதனை வரையறுத்துவிட்டு, சட்டம் விரைந்து கடந்து சென்றது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த இலக்கணத்தைக் குலைத்தது. ஏழு இருபத்தொன்றானது. புதிதாகச் சேர்ந்தவற்றுள் தண்டுவட மரப்பு நோய், பார்க்கின்சன் நோய் என்னும் நரம்பியல் நோய்கள் இரண்டும், இரத்தம் உறையாமை, தலசீமியா, அரிவாள் செல் நோய் என்னும் இரத்தக் கோளாறுகள் மூன்றும் உள்ளன. இவற்றில் நோய் முடிந்து ஊனம் தொடங்கும் புள்ளி என ஒன்று இல்லை. நோய் தொடர்கிறது, தொடர்வதே ஊனம். இவ்வாறு நோயும் ஊனமும் ஒன்றன்மீது ஒன்று படியும் பரப்பைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்கள் எவை, அவை எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பது மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கலாகும். சொல் மாறினால் சான்றிதழ் மாறும். சான்றிதழ் மாறினால் ஒருவரது படிப்பும் பணியும் மாறும். ஆதலின் இதனை வெறும் கலைச்சொல்லாக்கச் சிக்கலாகக் கொள்வதற்கில்லை.

விலக்கப்பட்ட நோய்

ஊனத்தை நோயினின்று பிரிக்க வேண்டும் என்ற குரல் முதலில் ஊனமுற்றோரிடமிருந்தே எழுந்தது. பிரித்தானியாவில் 1972இல் பால் ஹண்ட் முன்னின்று தோற்றுவித்த உடல் ஊனமுற்றோர் கூட்டமைப்பு, 1976இல் வெளியிட்ட அடிப்படைக் கொள்கைகளில் 'இம்பேர்மெண்ட்', 'டிஸெபிலிட்டி' என்னும் இரு சொற்களையும் கூரிய கத்தியால் வெட்டியதுபோல் பிரித்தது. முன்னது உடலின் குறை. பின்னது அக்குறை உடையோரைக் கணக்கில் கொள்ளாத சமூக அமைப்பு அவர்கள்மீது ஏற்றும் தடை. கால் இயங்காமை முன்னதைச் சாரும். படிக்கட்டு மட்டுமே உள்ள அலுவலகம் பின்னதைச் சாரும். ஊனத்தைச் சமூகம் ஆக்குகிறது என்னும் இப்பார்வையே பின்னர்ச் சமூக மாதிரி எனப் பெயர் பெற்றது.

உலக நலவாழ்வு நிறுவனம் 1980இல் வெளியிட்ட வகைப்பாடு இவற்றோடு 'ஹேண்டிகேப்' என்னும் மூன்றாவது சொல்லையும் சேர்த்து, நோயில் தொடங்கி உடற்குறை, இயலாமை, சமூகப் பின்னடைவு எனச் செல்லும் ஒரு சங்கிலியாக அமைத்தது. சமூக மாதிரியினர் இதனை ஏற்கவில்லை. சங்கிலியின் முதற்கண்ணி நோயாக இருக்கும்வரை சங்கிலி முழுவதும் மருத்துவர் கையில்தான் இருக்கும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. நோயாளி என்று பெயரிடப்பட்டவர் படுக்கையில் கிடந்து, பிறர் சொற்படி நடந்து, குணமாகும் நாளை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியவர். குணமாக வேண்டிய தேவையே இல்லாத ஒருவரை அவ்வாறு காத்திருக்கச் செய்வது அநீதி. 'நாங்கள் நோயாளிகள் அல்லர்' என்பது அவ்வியக்கத்தின் விடுதலை முழக்கமாக அமைந்தமை இயல்பே.

அம்முழக்கத்தால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சிலர் உண்டு. அவர்களைப் பற்றி எழுதியவர்களுள் கனடாவின் மெய்யியலாளர் சூசன் வெண்டல் முதன்மையானவர். 1985இல் திடீரெனத் தாக்கிய, நெடுஞ்சோர்வை இயல்பாகக் கொண்ட நோயுடன் வாழ்ந்துகொண்டே அவர் 1996இல் 'தி ரிஜெக்டட் பாடி' என்னும் நூலையும், 2001இல் 'ஹைபேஷியா' இதழில் 'அன்ஹெல்தி டிஸேபில்ட்' என்னும் கட்டுரையையும் எழுதினார். அதே 1996இல் லீட்ஸ் நகரில் காலின் பார்ன்ஸ், ஜெஃப் மெர்சர் ஆகியோர் பதிப்பித்த தொகுப்பு நோய்க்கும் ஊனத்துக்கும் இடையிலான பிளவையே தன் பொருளாகக் கொண்டது. வலியையும் சோர்வையும் சமூக மாதிரி பேச மறுப்பதை லிஸ் குரோ அதில் உள்ளிருந்தே கேள்விக்குள்ளாக்கினார்.

வெண்டலின் வாதம் சுருக்கமாக இது. உடல்நிலை ஓரளவு நிலைத்து, இனி மாறாது என்று கணிக்கத்தக்க ஊனமுடையோர் ஒரு சாரார். அவர்கள் மற்றபடி நலமாக உள்ளோர். நோயே ஊனமாக அமைந்தோர் இன்னொரு சாரார். பின்னவர்களுக்குச் சாய்தளம் போதாது. தடைகள் யாவும் நீங்கிய சமூகத்திலும் அவர்களது வலி வலியாகவே இருக்கும். மருத்துவத்தை அவர்கள் விலக்கவும் இயலாது. பலர் அதனை இன்னும் மிகுதியாக வேண்டுவோர். அவர்களது ஆற்றல் நாளுக்கு நாள் மாறும். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாமையால் ஏய்ப்பவர் என்ற ஐயத்துக்கும் ஆளாவர். போராட்டத்துக்கு வேண்டிய உடலாற்றலே இல்லாதவர் போராட்ட இயக்கத்தில் எவ்வாறு முன்னிற்க முடியும் என்று அவர் எழுப்பும் வினா, இயக்கங்களின் அமைப்பையே தொடுவது.

இக்கட்டுரையின் வலிமை அதன் நேர்மையில் உள்ளது. சமூக மாதிரியை அது தள்ளிவிடவில்லை. அதன் விளிம்பை மட்டும் காட்டுகிறது. எனினும் 'நலமுள்ள', 'நலமற்ற' என்னும் இணை சற்று மிகையான தெளிவுடையது. இந்தியச் சட்டத்தின் தொழுநோய் வகையே இதற்குச் சான்று. கிருமி ஒழிந்து, நோய் நீங்கியவர் என்று சான்று பெற்றவரின் உணர்வற்ற பாதத்தில் கல் குத்தினால் தெரிவதில்லை. தெரியாத காயம் புண்ணாகும். புண் எலும்புவரை செல்லும். இங்கு ஊனம் நோயைப் பிறப்பிக்கிறது. நீரிழிவிலோ நோய் பார்வையையும் காலையும் பறித்து ஊனத்தைப் பிறப்பிக்கிறது. இரு திசைகளிலும் போக்குவரத்து உள்ள ஒரு பரப்பை இரு சாராராகப் பிரிப்பது வாதத்துக்கு உதவும். வாழ்க்கைக்கு முழுதும் பொருந்தாது. மேலும், நோய்க்குப் பெயர் கிடைப்பதற்கே பல ஆண்டுகள் அலையும் ஏழைகளின் நிலை அக்கட்டுரையின் சூழலுக்கு வெளியே நிற்கிறது.

ஒரு தலைப்பின் தமிழாக்கம்

வெண்டலின் கட்டுரைத் தலைப்பைத் தமிழில் பெயர்க்க முற்படும்போது சிக்கலின் முழு வடிவமும் புலப்படும். 'நோயுற்ற மாற்றுத்திறனாளிகள்' என்பது கைக்கு முதலில் வரும் வடிவம். அதைப் படிக்கும் தமிழர் என்ன பொருள் கொள்வர்? சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்றே கொள்வர். மாற்றுத்திறனாளியாக ஏற்கெனவே உள்ளவர்மேல் நோய் வந்து சேர்ந்தது என்று அத்தொடர் கூட்டல் கணக்குப் போடுகிறது. மூலத்தின் கருத்து கூட்டல் அன்று. நோயும் ஊனமும் ஒரே பொருள் என்பதே. 'நோயுற்ற ஊனமுற்றோர்' என்பதில் 'உற்ற' இருமுறை வந்து அதே பிழையை ஓசையிலும் மிகுவிக்கிறது. 'நலமற்ற மாற்றுத்திறனாளிகள்' என்பதோ நலத்திட்டம் கிடைக்காதவர்கள் என்று அலுவலகத் தமிழில் பொருள்படும் அபாயம் உடையது.

'நோயே ஊனமானோர்' என ஏகாரம் கொடுத்துப் பெயர்த்தால் கருத்து வந்துவிடுகிறது. ஆங்கிலம் அடைமொழியால் சொன்னதைத் தமிழ் தேற்றேகாரத்தால் சொல்கிறது. ஆனால் இவ்வடிவம் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லோடு இணங்காது. 'நோயே மாற்றுத்திறனானோர்' என்று எவரும் எழுத மாட்டார். இந்த இணங்காமை தற்செயலானதன்று.

துணைத்தலைப்பில் மற்றொரு முடிச்சு உள்ளது. அதில் வரும் 'ட்ரீட்டிங்' என்னும் ஆங்கிலச் சொல், கருதுதல் என்றும் சிகிச்சை அளித்தல் என்றும் இருபொருள்படும். நோயை ஊனமாகக் கருதுதல் என்பதே முதற்பொருள். சிகிச்சை என்னும் நிழல் அதன் பின்னே அசைகிறது. தமிழில் அந்நிழலைக் கொண்டுவர வழியில்லை. அதனை விட்டுவிட்டு நேர்ப்பொருளை எழுதுவதே நன்று.

மாற்றும் திறனும்

'ஊனம்' குறைவு என்னும் பொருளுடைய வடசொல்லினின்று வந்தது. அதற்கு முற்பட்ட தமிழ்ச் சொல்லாட்சியும் குறையையே மையமாகக் கொண்டது. புறநானூற்று 28ஆம் பாடலில் முதுகண்ணன் சாத்தனார் மக்கட்பிறப்பின் குறைகள் எட்டினை அடுக்கி, அவற்றை 'எச்சம்' என்னும் சொல்லால் தொகுக்கிறார். முற்றுப்பெறாத வினையை எச்சம் என்று வழங்கும் இலக்கண மரபை அறிந்தோர்க்கு இவ்வொப்புமை வியப்பூட்டும். அவ்வெட்டும் உடலிலும் அறிவிலும் நிலைத்த குறைகளே. வந்து வந்து போகும் நோய் எதுவும் அப்பட்டியலில் இல்லை. ஊனத்தை நிலையானதாகவே காணும் பழக்கம் அத்துணைப் பழமையானது.

தமிழ்நாட்டு அரசு வழக்கில் 2010 முதல் 'ஊனமுற்றோர்' நீங்கி 'மாற்றுத்திறனாளிகள்' இடம்பெற்றது. இழிவுக்குறிப்பை அகற்றும் நோக்கில் செய்யப்பட்ட இம்மாற்றம் பெருவரவேற்பைப் பெற்று மக்கள் வழக்கிலும் வேரூன்றியது. அம்மதிப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. பழைய சொல்லுக்குத் திரும்புமாறு கோருவதும் பொருந்தாது. ஆயினும் அச்சொல்லின் உட்கூறுகளை ஆராய்வது மொழியியலாரின் கடமை.

'மாற்று' என்பது மாற்றுப்பாதை, மாற்றுடை, மாற்று ஏற்பாடு என்றாற்போல் ஒன்று இல்லாவிடத்து அதன் இடத்தை நிரப்புவதனைக் குறிக்கும். கண்ணால் படிக்க இயலாதவர் விரலால் படிக்கிறார். காதால் கேட்க இயலாதவர் சைகை மொழியில் உரையாடுகிறார். இவ்விடங்களில் அச்சொல் மிகப் பொருத்தமானது. தலசீமியாவின் கடுமையான வகையுடன் பிறந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் குருதியை ஏற்று வாழும் குழந்தைக்கு எத்திறன் மாற்றுத்திறன்? நெடுஞ்சோர்வில் வாழ்பவர் ஒரு திறனுக்கு மாற்றாக இன்னொன்றைக் கையாள முயன்றால், அந்த இன்னொன்றும் அதே வற்றிய உடலினின்றே ஆற்றலைப் பெற வேண்டும். நிலைத்த ஓர் உடலும், அதில் ஒரு வாயில் அடைபட்டால் திறக்க இன்னொரு வாயிலும் உண்டு என்பது அச்சொல்லின் எடுகோள். நீடுநோய் அந்த எடுகோளுக்கு இடம் தருவதில்லை.

ஏனைய இந்திய மொழிகளிலும் இதனை ஒத்த நிலையே உள்ளது. இந்தியில் 'விகலாங்க்' என்பதற்கு மாற்றாக 'திவ்யாங்க்' என்பது 2015இன் இறுதியில் பிரதமரால் முன்மொழியப்பட்டு, பின்னர் அரசு வழக்காயிற்று. குறையுறுப்பு தெய்விக உறுப்பாயிற்று. உறுப்பு மட்டும் மாறவில்லை. இரு சொற்களும் 'அங்கம்' என்பதை விடவில்லை. குருதி உறையாமை எந்த அங்கத்தின் குறை? மலையாளத்தின் 'பின்னசேஷி' தமிழைப் போன்றே திறனை மையமாக்குகிறது. கன்னடத்தின் 'விகலசேதன' அங்கத்தை விடுத்து உயிராற்றலைச் சுட்டுவதால் நோய்க்குச் சற்று அணுக்கமாக நிற்கிறது. ஆனால் குறைவு என்னும் முன்னொட்டை விடவில்லை.

தமிழாக்கத்தில் இழப்பு இன்னொன்றும் நேர்ந்தது. அது ஒரு வினையின் இழப்பு. 'ஊனம்' என்பதிலிருந்து 'ஊனப்படுத்து' என்னும் பிறவினையை ஆக்கலாம். சமூகம் மனிதரை ஊனப்படுத்துகிறது என்னும் வாக்கியம் சமூக மாதிரியின் முழுக் கருத்தையும் மூன்று சொற்களில் தாங்கும். 'மாற்றுத்திறன்' அவ்வாறு வினையாகாது. வலிந்து ஆக்கினால் சமூகம் திறன் அளிக்கிறது என்னும் நேர்மாறான பொருள் தோன்றும். ஆட்களைக் குறிக்கும் சொல்லாக 'மாற்றுத்திறனாளி'யையும், நிகழ்வையும் செயலையும் குறிக்க 'ஊனம்', 'ஊனப்படுத்தல்' ஆகியவற்றையும் கொள்வது ஆய்வுத் தமிழுக்கு ஏற்ற வழி. ஒரு துறைக்கு ஒரே சொல் என்னும் கலைச்சொல் ஒழுக்கம் இங்குப் பயன்படாது.

'ஆளி' என்னும் விகுதியும் கருதத்தக்கது. தொழிலாளி, உழைப்பாளி, நோயாளி, மாற்றுத்திறனாளி என எங்கும் அது ஒன்றை நிலையாக உடைய ஆளைக் குறிக்கும். சமூக மாதிரி எத்துணை முயன்று நோயாளியையும் ஊனமுற்றவரையும் பிரித்ததோ, தமிழ் அவ்விருவரையும் ஒரே விகுதியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

பட்ட நோய், நீடு நோய்

'கிரானிக்' என்பதற்கு 'நாள்பட்ட' என்பது நிலைபெற்றுவிட்டது. நாள்பட்ட சரக்கு, நாள்பட்ட புண், நாள்பட்ட பகை என வழங்கும் இவ்வடையில் கவனக்குறைவு என்னும் குறிப்பு ஒட்டிக்கொண்டுள்ளது. காலத்தில் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும், பாராமல் விட்டதால் முற்றிவிட்டது என்று அது நோயாளியைப் பார்த்துச் சொல்கிறது. பிறக்கும்போதே உடன்வந்த அரிவாள் செல் நோயை நாள்பட்ட நோய் என்பது அக்குறிப்பையும் சேர்த்து அக்குழந்தைமேல் ஏற்றுவதாகும். 'தீராநோய்' என்பது மறுமுனைக்குச் சென்று, சாவை அருகில் அழைக்கிறது. 'நீண்டகால நோய்' பழுதற்றது; எனினும் ஒரு கால அளவையே சொல்கிறது, தொடர்ச்சியை அன்று.

இதனைச் சொல்லத் தமிழிலக்கணம் வேறோர் அமைப்பைத் தந்துள்ளது. வினைத்தொகை காலம் கரந்த பெயரெச்சம். மூன்று காலத்துக்கும் விரியும். 'நீடுநோய்' என்றால் நீடிய நோய், நீடுகின்ற நோய், நீடும் நோய் என மூன்றும் அடங்கும். நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, நாளையும் இருக்கும். குற்றச்சாட்டும் இல்லை, இரங்கலும் இல்லை. 'நாள்பட்ட' என்பதன் இறந்தகாலப் பெயரெச்சத்தால் சொல்ல இயலாததை இத்தொகை எளிதாகச் சொல்லிவிடுகிறது. பாடநூலிலும் படிவத்திலும் இது ஏறுமா என்பது வேறு வினா. மொழிபெயர்ப்பில் இதனைக் கையாளத் தடை ஏதுமில்லை.

நோயின் வினைகளும் எண்ணத்தக்கவை. நோய் வரும், தணியும், அடங்கும், கிளரும், முற்றும், தீரும். இன்றைய வழக்கில் ஊனத்துக்கு இவ்வினைகள் பெரும்பாலும் இல்லை. அது இருக்கும், அல்லது நேரும். நோய்க்கு ஒரு வரலாறு உண்டு என்றும் ஊனத்துக்கு இருப்பு மட்டுமே உண்டு என்றும் வினைகளே பிரித்துவைத்துள்ளன. மருத்துவ நூல்களில் 'ரெமிஷன்' எனப்படும் இடைக்கால அமைதியைச் சில தமிழாக்கங்கள் 'குணமடைதல்' என்று எழுதிவிடுகின்றன. அது பெரும்பிழை. தண்டுவட மரப்பு நோயில் பலருக்கு நோய் அடங்கியும் கிளர்ந்தும் வரும். அடங்கியதைக் குணம் என்றால் அடுத்த கிளர்ச்சியில் அவர் பொய்யராவார். 'தணிவு' என்பதே பொருந்தும் சொல். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் நோயின் காரணத்தை ஆராய்ந்த பின் செய்ய வேண்டியதைக் கூறுமிடத்தில் வள்ளுவர் ஆண்ட வினை தீர்த்தல் அன்று, தணித்தல் என்பது மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ளத்தக்கது. கட்டுதல் என்னும் பொருளையும் நோய் என்னும் பொருளையும் ஒருங்கே உடைய 'பிணி' என்ற பழஞ்சொல்லும் இவ்விடத்து நினைக்கத்தக்கதே. ஒருவரைக் கட்டி நிறுத்துவது எதுவோ அது பிணி. அங்கு நோயும் தடையும் பிரியவில்லை.

முடியவில்லை

கலைச்சொற்கள் பிரித்தவற்றை அன்றாடப் பேச்சு பிரிக்கவில்லை. 'அவருக்கு உடம்புக்கு முடியவில்லை' என்றால் நோய். 'அவர் முடியாதவர்' என்றால் முதுமையோ ஊனமோ நெடுநாள் நோயோ, எதுவாகவும் இருக்கலாம். 'படியேற முடியவில்லை' என்றால் உடலும் படியும் சேர்ந்து விளைவித்த நிலை. ஒரே வினை மூன்றையும் தாங்குகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2001இல் தன் பழைய சங்கிலியைக் கைவிட்டு, உடல்நிலைக்கும் சூழலுக்கும் இடையிலான ஊடாட்டமாக ஊனத்தை மறுவரையறை செய்தது. அதனை ஒரு தமிழ் மூதாட்டி படிக்கட்டின் கீழ் நின்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார் என்றால் அது மிகையாகலாம், முழுப் பொய்யாகாது.

இவ்வினையின் சிறப்பு அது காலங்காட்டும் என்பதே. 'நேற்று முடிந்தது, இன்று முடியவில்லை' என்று சொல்லலாம். 'நேற்று மாற்றுத்திறனாளியாக இல்லை, இன்று மாற்றுத்திறனாளி' என்று சொல்ல இயலாது. வெண்டல் வலியுறுத்தும் ஏறியிறங்கும் ஆற்றலைப் பெயர்ச்சொல் தாங்காது, வினை தாங்கும். மேலும், முடியாமை நான்காம் வேற்றுமையை ஏற்று வருவது: 'அவருக்கு முடியவில்லை'. அந்நிலை ஒருவருக்கு நேர்வதாகவே மொழி காட்டுகிறது. அவரே அதுவாகிவிடுவதாகக் காட்டவில்லை. ஆங்கிலத்தில் மனிதரை முன்னிறுத்தித் தொடரமைக்கும் நெறி பெருமுயற்சியுடன் அடைந்ததைத் தமிழ் வேற்றுமையுருபு இயல்பாகவே அடைந்துள்ளது.

எனினும் 'இயலாமை' எனப் பெயராக்கியவுடன் இந்நயம் கெடும். இயலாமை என்பது கையாலாகாமை என்னும் குணக்குறையாகவும் வழங்குவதால் அதனைச் சட்டச்சொல்லாக்கக் கோருவது நன்றன்று. வாழ்க்கை வரலாறுகளையும் நோய்க்காலக் குறிப்புகளையும் பெயர்ப்போர், மூலத்தின் பெயர்ச்சொற்களுக்கு ஈடாகப் பெயர்ச்சொற்களையே தேடாமல், இயன்றவிடத்து வினையாகப் பெயர்ப்பது பயன் தரும்.

அட்டவணையின் இலக்கணம்

2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் இரு மொழிகள் உள்ளன. சட்டத்தின் வரையறைப் பகுதி, 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையைப் பின்பற்றி, நெடுநாள் நீடிக்கும் குறை தடைகளோடு ஊடாடி ஒருவரின் சமமான பங்கேற்பைத் தடுப்பதே ஊனம் என்கிறது. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2007 அக்டோபரில் ஏற்றது. சட்டத்தின் இறுதியில் உள்ள அட்டவணையோ முற்றிலும் மருத்துவ மொழியில் அமைந்தது. தண்டுவட மரப்பு நோயும் பார்க்கின்சன் நோயும் அதில் நரம்பு மண்டலத்தின் நோய்கள் என்றே விளக்கப்படுகின்றன. தடை என்ற பேச்சே அவ்விளக்கங்களில் இல்லை. முற்பகுதியில் 'தடை' என்பதைக் கவனத்துடன் பெயர்த்த மொழிபெயர்ப்பாளர், அட்டவணைக்கு வந்ததும் மருத்துவ அகராதிக்குத் தாவ நேர்கிறது.

நீடுநோய்கள் அட்டவணையில் இடம்பெறும் தலைப்பும் கூர்ந்து நோக்கத்தக்கது. அவை ஊனம் என நேரே கூறப்படவில்லை. அந்நோய்களின் காரணமாக ஏற்படும் ஊனம் என்னும் தலைப்பின்கீழ் வருகின்றன. காரணப்பொருளில் வரும் மூன்றாம் வேற்றுமை மீண்டும் நோயையும் ஊனத்தையும் பிரித்துவிடுகிறது. அந்த ஓர் உருபு மதிப்பீட்டு அறையில் பெருஞ்சுமையாகும். நோய் இருப்பது போதாது. அதனால் விளைந்தது எது என்று விழுக்காட்டில் காட்ட வேண்டும். 40 விழுக்காடே சலுகைகள் பலவற்றின் வாயில்.

அவ்வாயிலைக் கடந்தும் வேறுபாடு தொடர்கிறது. உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத ஒதுக்கீட்டைச் சொல்லும் 32ஆம் பிரிவு, அளவுகோலை எட்டிய எல்லா வகையினருக்கும் பொதுவானது. அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டைச் சொல்லும் 34ஆம் பிரிவோ உரிய வகைகளைப் பெயர் சுட்டி அடுக்குகிறது. பார்வை, செவி, இயக்கம், மனமும் அறிவும் சார்ந்தவை அதில் உண்டு. தொழுநோயிலிருந்து குணமானோரும் உண்டு. இரத்தக் கோளாறுகள் இல்லை. தண்டுவட மரப்பும் பார்க்கின்சன் நோயும் தம் பெயரில் இல்லை. தலசீமியா உடைய மாணவர் ஊனமுடையவர் என்னும் தகுதியில் பட்டம் பெறலாம். அதே தகுதியில் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அவருக்கு நிரல் இல்லை. முடிந்த நோய்க்கு இடம் உண்டு, முடியாத நோய்க்கு இடம் இல்லை என்னும் 1995இன் கால இலக்கணம் 34ஆம் பிரிவில் உயிர்பெற்று எழுவதைக் காணலாம்.

நீதிமன்றம் இவ்வெல்லையை ஓரளவு தளர்த்தியுள்ளது. எழுதும்போது மட்டும் கைத்தசைகள் இறுகும் எழுத்துப்பிடிப்பு என்னும் நீடித்த நரம்பியல் நிலையுடைய ஒருவர், குடிமைப்பணித் தேர்வில் தமக்கு மாற்றாக எழுதுவோர் வேண்டுமெனக் கேட்டார். அளவுகோலை எட்டவில்லை என்று தேர்வாணையம் மறுத்தது. 2021 பிப்ரவரி 11இல் உச்ச நீதிமன்றம், எழுத்துத்துணை பெறுவதற்கு அளவுகோல் முன்நிபந்தனை அன்று என்று தீர்ப்பளித்தது. ஒதுக்கீட்டுக்கு விழுக்காடு தேவை. ஏந்துகளுக்குத் தடையோடு கூடிய குறை இருந்தாலே போதும் என்பது அதன் சாரம். சட்டத்தின் இரு மொழிகளுள் முற்பகுதியின் மொழியை நீதிமன்றம் மேலாகக் கொண்டது எனலாம்.

அரிவாள் செல் நோயில் சொற்களின் மோதல் இன்னும் கூர்மையானது. இந்தியாவில் இக்கூறு முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே லெமன், கட்புஷ் ஆகியோரால் கண்டறியப்பட்டது. 2023 ஜூலை 1இல் நாடு தழுவிய அரிவாள் செல் நோய் ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 2047 அதன் இலக்கு ஆண்டு. ஒரே உடல்நிலை நலவாழ்வுத் துறையின் தாளில் ஒழிக்க வேண்டிய நோய்; நலத்துறையின் தாளில் உரிமை பெற்ற ஊனம். இரண்டும் நியாயமே. ஆனால் இரு தாள்களையும் தமிழாக்குவோர் 'ஒழிப்பு' என்ற சொல்லை ஆளுமிடத்து, அதனை வாசிக்கும் பழங்குடி இளைஞர் ஒழிக்கப்படுவது நோயா, தாமா என்று ஐயுறாதவாறு தொடரை அமைக்க வேண்டும். 'புதிதாகப் பிறப்போரிடம் நோய் நேராமற் காத்தல்' என்று விரித்தெழுதுவதில் நீளம் கூடும், குழப்பம் நீங்கும்.

அட்டவணை இந்நோயை விளக்குமிடத்தில் நீடித்த இரத்தசோகையோடு வலியைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஈவென்ட்ஸ்' என்னும் சொல்லை ஆள்கிறது. அதனைச் சொல்லுக்குச் சொல் 'வலிமிகு நிகழ்வுகள்' என்று பெயர்த்தால், தமிழில் அது துயரச் செய்திகளைக் குறிப்பதாகிவிடும். 'அவ்வப்போது எழுந்து தணியும் கடும் வலி' என்று எழுதினால், வலியற்ற ஒரு நாளில் தம்முன் வந்து நிற்கும் இளைஞரின் உடலில் அந்நோய் இல்லாமற் போய்விடவில்லை என்பதைச் சான்றிதழில் ஒப்பமிடும் மருத்துவருக்கு அத்தொடரே உணர்த்திவிடும்.